அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆக எந்த முதுநிலைப் படிப்பு? வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிசியோதெரபி இளங்கலையான பி.பி.டி.யில் கடைசி வருடம். பள்ளிக் காலம் முழுக்க ஃபுட்பால் ஆடி, பதினேழு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவர். "அக்கா, கிளினிக்கில் உட்கார்ந்து நாள் முழுக்க மெஷின் வைக்க மனசு வரவில்லை. கிரவுண்டில் டீமோடு இருக்கிற அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆக வேண்டும். அதற்கு அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் செய்யணுமா, இங்கேயே எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலை) போதுமா? வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும்." இதுதான் கேள்வி. அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நீளமாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் பி.பி.டி. முடித்து, அமெரிக்காவில் அத்லெட்டிக் ட்ரெய்னிங் முதுநிலை படித்து, அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். இப்போது இங்கே கல்லூரி அணிகளோடும் கிளப் அணிகளோடும் வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னையில் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் வெயிட் தூக்கச் சொல்லித் தருகிறவர். கிரிக்கெட் பக்கம் போனால் அதே சொல்லுக்கு ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச் என்று பொருள். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியோடு இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசனும், பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த சங்கர் பாசுவும் நம் சென்னைக்காரர்கள். ஆட்டக்காரரின் உடம்பைத் தயார் செய்வது அவர்கள் வேலை. அமெரிக்காவில் அத்லெட்டிக் ட்ரெய்னர் என்பவர் வேறு ஆள். அவர் மருத்துவப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழில் என்று ஏற்றுக்கொண்டது. காயம் வராமல் பார்ப்பது, வந்தால் அந்த இடத்திலேயே சோதித்து முடிவெடுப்பது, உயிருக்கு ஆபத்து என்றால் முதல் ஆளாகக் கை வைப்பது, அப்புறம் அதே ஆட்டக்காரர் மறுபடி களத்தில் இறங்கும்வரை கூடவே இருந்து தேற்றுவது என்று இவ்வளவும் ஒரே ஆளின் பொறுப்பு. ஒரு மருத்துவரின் வழிகாட்டுதலில் இயங்குவார். ஆனால் ஆட்டம் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் அவர் மட்டும்தான் இருப்பார்.

2023 ஜனவரி 2-ஆம் தேதி சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் ஒருவரைத் தடுத்து விழுத்திவிட்டு எழுந்தார், இரண்டு அடி வைத்தார், அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தவர் அந்த அணியின் துணை அத்லெட்டிக் ட்ரெய்னர் டென்னி கெல்லிங்டன். ஹாம்லின் பிழைத்தார், அதே ஆண்டில் மறுபடி ஆடவும் வந்தார். அந்த ஆட்டத்தைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. யாரும் பார்க்காத பள்ளி மைதானங்களிலும் இந்த வேலை இதே மாதிரிதான்.

எனக்கு இந்தத் தொழில் இன்னதென்று உறைத்தது ஒரு ஹெல்மெட்டில். முதல் வருடப் பயிற்சி, வெள்ளிக்கிழமை இரவு, பள்ளி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். பதினாறு வயதுப் பையன் தலையில் அடிபட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பெயர் கேட்டேன், சொன்னான். எந்த அணியோடு ஆடுகிறோம் என்றேன், சரியாகச் சொன்னான். இந்தக் கால் மணி நேரத்தில் கோல் போட்டது யார் என்கிற மாதிரி ஒரு கேள்வி உண்டு, அதற்கு மட்டும் பதில் ஒரு நொடி தாமதமாக வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மேற்பார்த்த அம்மாள் பேசவே இல்லை. பையன் பக்கத்தில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆட்டம் முடியும்வரை இதைக் கீழே வைக்காதே" என்றார். ஹெல்மெட் இல்லாமல் அவன் உள்ளே ஓட முடியாது, கோச்சும் கூப்பிட முடியாது. அரை மணி நேரத்தில் பையன் வாந்தி எடுத்தான். அன்று இரவு முழுக்க அந்த ஹெல்மெட்டின் கனம் கையிலேயே இருந்த மாதிரி இருந்தது.

அந்த அம்மாளால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அவருடைய துணிச்சல் மட்டும் கிடையாது. சட்டம் அவர் பின்னால் நின்றது. 2009-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களிலும் இளம் ஆட்டக்காரர்களுக்கான கன்கஷன் (அடிபட்டு மூளை குலுங்குவது) சட்டம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தாலே பையனை வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதித் தராமல் திரும்ப இறக்கக் கூடாது. நம் ஊரில் கபடி மேட்ச்சில் தலையில் அடிபட்டவனை முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்புகிறோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, படிப்புக்கு வருவோம்.

இணையத்தில் பழைய தகவல் நிறையக் கிடக்கிறது, ஏமாறாதீர்கள். முன்பெல்லாம் அமெரிக்காவில் இளங்கலை முடித்தாலே அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆகலாம். இந்த வேலைக்கு முதுநிலைப் பட்டம்தான் நுழைவாயில் என்று 2015-இல் தொழில் அமைப்புகள் சேர்ந்து முடிவெடுத்தன. 2022-ஓடு இளங்கலைச் சேர்க்கைக்கு வழி அடைபட்டுவிட்டது. இப்போது ஒரே பாதைதான். சி.ஏ.ஏ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தொழில்முறை முதுநிலைப் படிப்பை முடிக்க வேண்டும், பி.ஓ.சி. என்ற சான்றிதழ்த் தேர்வு எழுதி ஏ.டி.சி. என்ற தகுதியைப் பெற வேண்டும், பிறகு வேலை செய்யப்போகும் மாநிலம் உரிமம் கேட்டால் அதையும் வாங்க வேண்டும். நம் பி.பி.டி.யையோ எம்.பி.டி.யையோ காட்டி நேராக பி.ஓ.சி. தேர்வு எழுத முடியாது. பத்து வருடம் அணியோடு இருந்த பிசியோவாக இருந்தாலும் இதே விதிதான்.

கடன் வாங்கிப் போகிற பிள்ளைகள் வழுக்கி விழுவது அடுத்த இடத்தில்தான். எம்.எஸ். கினிசியாலஜி, எம்.எஸ். எக்சர்சைஸ் சயின்ஸ், எம்.எஸ். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் என்று ஒரே வாசனையில் பத்துப் பெயர்கள் இருக்கும். எல்லாம் நல்ல படிப்புகள், ஆனால் அவற்றை முடித்தவர் பி.ஓ.சி. தேர்வில் உட்கார முடியாது. நான் விண்ணப்பித்த காலத்தில் இங்கே ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு அப்படிப்பட்ட ஒரு படிப்பைத்தான் "இதுவும் அதுதான்மா, பேர்தான் வேற" என்று சொல்லி எடுத்துத் தந்தார்கள். சேர்க்கைக் கடிதமே வந்துவிட்டது. அப்பா நகையை அடகு வைக்கப் போகிற வாரத்தில்தான், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நானே மின்னஞ்சல் எழுதி, இதை முடித்தால் பி.ஓ.சி. தேர்வு எழுத முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று மறுநாளே ஒரு வரியில் பதில் வந்தது. அதே ஒரு வரிக் கேள்வியை நீங்களும் ஒவ்வோர் இடத்துக்கும் எழுதிக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி, போஸ்ட்-புரொஃபெஷனல் என்று போட்டிருக்கும் முதுநிலையும், அத்லெட்டிக் ட்ரெய்னிங் முனைவர் படிப்பில் பலவும். அவை ஏற்கெனவே ஏ.டி.சி. ஆனவர்கள் மேலே படிப்பதற்கானவை. உங்களுக்கு வேண்டியது புரொஃபெஷனல் என்று மட்டும் இருப்பது. சி.ஏ.ஏ.டி.இ. தன் இணையதளத்திலேயே அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலைப் போட்டிருக்கிறது. எந்தப் படிப்பின் அங்கீகாரம் கேள்விக்குள்ளாகி இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நிலை என்னவென்றும் பாருங்கள். முதுநிலைக்கு மாறியபோது சில பல்கலைக்கழகங்கள் படிப்பையே மூடிவிட்டன.

படிப்பு பெரும்பாலும் இரண்டு வருடம், கோடையிலும் வகுப்பு உண்டு. உடற்கூறியல், காயப் பரிசோதனை, அவசர சிகிச்சை, புனர்வாழ்வு, மருந்தியல், ஊட்டச்சத்து, மனநலம், ஆவணம் எழுதும் முறை என்று பாடங்கள் போகும். பி.பி.டி. படித்தவருக்குப் பாதிப் பாடம் பழகின பாதைதான். அதனால் பாடத்திட்டத்தை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மைதானப் பயிற்சியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஓர் அத்லெட்டிக் ட்ரெய்னரின் கீழ் உங்களை விடுவார்கள். அவருக்கு ப்ரிசெப்டர் என்று பெயர். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, சில இடங்களில் தொழிற்சாலை, நடனக் குழு என்று மாற்றி மாற்றி அனுப்புவார்கள். குறைந்தது தொடர்ந்து நான்கு வாரமாவது வகுப்பெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முழுநேரமும் களத்திலேயே இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. சில கல்லூரிகள் ஒரு பருவம் முழுவதையும் இப்படித் தருகின்றன. எனக்குக் கேட்டால் அதுதான் நல்ல கல்லூரிக்கு அடையாளம். நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: ஒரு ப்ரிசெப்டருக்கு எத்தனை மாணவர், முதல் பருவத்திலேயே நோயாளிமேல் கை வைக்க விடுவார்களா, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியில் பி.ஓ.சி. தேறினார்கள். தேர்ச்சி விகிதத்தை வெளியிட வேண்டியது அவர்கள் கடமை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நடனக் குழு என்றதும் ஞாபகம் வருகிறது. மார்கழி சீசன் முடிந்ததும் என்னிடம் வரும் பரதநாட்டியப் பிள்ளைகளின் பாதமும் முழங்காலும் ஓட்டக்காரர்களுடையதைவிட மோசமாக இருக்கும். வெறுங்காலில் கடினமான தரையில் தட்டித் தட்டி எலும்பில் விரிசல் வரும்வரை யாரும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கமும் ஒரு பெரிய தேவை இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்ததில் சென்னைக்கு மிகவும் தேவைப்பட்டது வெயில் பாடம். உழைப்பினால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கைப் பற்றி நம்மிடம் இருக்கும் எண்ணங்கள் பாதி தவறு. தோல் காய்ந்திருக்கும் என்பார்கள். ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அப்படி இருக்காது, வியர்வையில் குளித்திருப்பான். போன வருடம் ஏப்ரலில், கல்லூரிகளுக்கு இடையேயான ஒரு ஃபுட்பால் போட்டி. மாலை மூன்றரைக்கு ஆட்டத்தை வைத்திருந்தார்கள். காற்றே இல்லை, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். எழுபதாவது நிமிடத்தில் ஒரு நடுக்களப் பையன் பந்தில்லாத பக்கம் ஓடினான். பிறகு தன் சொந்த அணிக்காரனையே கெட்ட வார்த்தையில் திட்டினான். அவன் அப்படிப் பேசுகிற பையனே இல்லை. உடம்பு சூடு மூளைக்கு ஏறினால் முதலில் மாறுவது குணம்தான். அதைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் 41.2 டிகிரி. நெற்றியில் காட்டும் கருவியும் அக்குளில் வைப்பதும் இந்த இடத்தில் பொய் சொல்லும். இதற்கு நம் ஊரில் முகம் சுளிப்பார்கள், அதனால் துணி பிடித்து மறைக்க இரண்டு பேரை முன்பே பழக்கி வைத்திருந்தேன். பந்தல்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை விரித்து அவனைப் படுக்கவைத்தோம். நாலு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜூஸ் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸையும் நாலு வாட்டர் கேன் தண்ணீரையும் உள்ளே கொட்டி, தூளி ஆட்டுகிற மாதிரி அசைக்கச் சொன்னேன். 108-க்கு அதற்குள் ஒருவர் போன் செய்துவிட்டார். அணியின் மேலாளர், "என்னம்மா பண்ற, ஆட்டோல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்" என்று கத்தினார். பாடம் சொல்வது இதுதான்: முதலில் குளிர்வி, பிறகு கொண்டு போ. சரிந்து விழுந்த அரை மணிக்குள் சூட்டை 39-க்குக் கீழே இறக்கிவிட்டால் பிழைத்துவிடுவார்கள். டிராஃபிக்கில் ஆட்டோ நிற்கிற நேரத்தில் கல்லீரலும் சிறுநீரகமும் வெந்துகொண்டிருக்கும். பதினாறு நிமிடத்தில் 38.9 வந்தது. வெளியே எடுத்துத் துடைத்தோம். கண்ணைத் திறந்து, "ஸ்கோர் என்னக்கா" என்றான். ஆம்புலன்ஸ் அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தது.

இதில் என் சாமர்த்தியம் குறைவு. அமெரிக்காவில் 2001-இல் மினசோட்டா வைகிங்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாம் வெயிலில் இறந்த பிறகு அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. கனெடிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் இதற்காக இயங்குகிறது. தார்ப்பாயையும் ஐஸையும் ஆட்டத்துக்கு முன்பே தயாராக வைப்பது, கேட் சாவி யாரிடம் என்று கேட்டு வைப்பது, யார் போன் செய்வது யார் வாசலில் நின்று வண்டியை உள்ளே அழைப்பது என்று பிரித்துக் கொடுப்பது, இதையெல்லாம் எழுதி, எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வைத்தார்கள் அந்த இரண்டு வருடத்தில். பி.பி.டி.யில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இனி விண்ணப்ப வேலை. பல கல்லூரிகள் ஏ.டி.கேஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாக எடுக்கின்றன. உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். பி.பி.டி.யில் உடற்கூறியலும் உடலியங்கியலும் உளவியலும் தெளிவாக இருக்கின்றன. தகராறு வருவது இயற்பியலிலும் வேதியியலிலும். பயோமெக்கானிக்ஸையும் எலக்ட்ரோதெரபியையும் இயற்பியலாக எடுத்துக்கொள்வீர்களா, உயிர்வேதியியலை வேதியியலாக எடுத்துக்கொள்வீர்களா என்று முன்பே கேளுங்கள். ஓரிடம் ஒத்துக்கொள்ளும், இன்னோரிடம் தனியாக ஒரு பாடம் படித்துவிட்டு வா என்னும். பிளஸ் டூவில் படித்ததைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

சில இடங்களில் ஏ.டி.சி. ஒருவரின் கூட நின்று பார்த்த மணிநேரங்களைக் கேட்பார்கள். சென்னையில் அப்படிப்பட்டவர் கிடைப்பது அபூர்வம். அணியோடு வேலை செய்கிற ஸ்போர்ட்ஸ் பிசியோவின் கீழ் நின்ற மணிநேரத்தை ஏற்பீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வு வேண்டும்.

சேர்ந்தபின் வரும் சின்னத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு முன் தடுப்பூசிப் பதிவு, குற்றப் பின்னணிச் சோதனை, சி.பி.ஆர். சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். காசநோய்த் தோல் சோதனை செய்தபோது என் கை தடித்துச் சிவந்துவிட்டது. குழந்தையில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நம்மில் பலருக்கு அப்படி ஆகும். பதறவேண்டாம், ரத்தச் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தால் தீர்ந்துவிடும். அதற்குள் இரண்டு வாரப் பயிற்சி போய்விட்டது எனக்கு, நீங்கள் முன்பே ரத்தச் சோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கார். காலை ஐந்தரைக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் இருக்கச் சொல்வார்கள், அங்கே பஸ் போகாது. கார் ஓட்டத் தெரியாமல் போன நான் முதல் பருவம் முழுக்கச் சக மாணவி ஒருத்தியின் தயவில் போய்வந்தேன். இங்கேயே ஓட்டப் பழகிவிட்டுப் போங்கள்.

இப்போது பணம். கல்விக்கட்டணம் இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அரசுப் பல்கலைக்கழகம் என்றாலும் வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதல் கட்டணம்தான். தங்குவதும் சாப்பிடுவதும் காரும் சேர்த்தால் இரண்டு வருடத்துக்கு ஐம்பது லட்சத்தைத் தொடுவது சாதாரணம். பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் சொல்வார்கள். நமக்கு மதியம் இரண்டு மணி முதல் இரவுவரை மைதானம், காலையில் வகுப்பு. வேலைக்கு நேரம் எங்கே?

முடித்தபின் சம்பளம்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, அத்லெட்டிக் ட்ரெய்னர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 57,930 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழே. அதே கணக்கில் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு அந்த நடு எண் 99,710 டாலர். வித்தியாசத்தைப் பாருங்கள். இரவும் சனிக்கிழமையும் பஸ் பயணமும் சேர்ந்த வேலைக்கு இது குறைவான கூலி என்று அங்கேயே குமுறுகிறார்கள். விசா விஷயத்தில், படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். என்ஜினியரிங் மாணவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு வருட நீட்டிப்பு அத்லெட்டிக் ட்ரெய்னிங்குக்குக் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு பள்ளியோ மருத்துவமனையோ விசாவுக்குச் செலவு செய்து உங்களை வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது அமையவில்லை. அந்த ஒரு வருடச் சம்பளத்தில் கடனில் கால் பங்கைத்தான் அடைக்க முடிந்தது, மீதியை இங்கே வந்து அடைத்தேன். அமெரிக்காவில் தங்கிச் சம்பாதித்துக் கடனை அடைப்பதுதான் திட்டம் என்றால், இந்தப் படிப்பு அதற்கான வண்டி இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

சரி, இங்கே என்ன இருக்கிறது? நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கினார், ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே தமிழ்நாடு அரசு வைத்த பல்கலைக்கழகம் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்று பெரிய மையம் இருக்கிறது, பந்துவீச்சு முறையைச் சோதிக்க ஐ.சி.சி. 2014-இல் அதை அங்கீகரித்தது. இத்தனை இருந்தும் அத்லெட்டிக் ட்ரெய்னர் என்ற பதவி நம் நாட்டில் சட்டப்படி இல்லை. இங்கே ஓர் அணி ஆள் எடுக்கும்போது பிசியோ என்றுதான் எடுக்கும். 2021-இல் வந்த மருத்துவத் துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபிக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் பி.பி.டி.தான் இங்கே உங்கள் சோறு. அதை விட்டுவிட்டு வெறும் அமெரிக்க முதுநிலையோடு வந்திருந்தால் என்னை இங்கே எந்தப் பெட்டியில் போடுவதென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால், கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலையில், முதலில் இங்கே எம்.பி.டி. ஸ்போர்ட்ஸ் இரண்டு வருடம் படிப்பேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அமெரிக்கக் கல்லூரியைக் கேட்கச் சொன்ன அதே கேள்வியைக் கேட்பேன்: வாரத்தில் எத்தனை நாள் மைதானத்தில் விடுவீர்கள்? ஓ.பி. வார்டிலேயே இரண்டு வருடமும் என்றால் பெயரில் ஸ்போர்ட்ஸ் இருந்தும் பயனில்லை. நல்ல உதவித்தொகை கிடைத்தாலோ, பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்து அதை இங்கே கொண்டுவரும் வெறி இருந்தாலோ அமெரிக்கா போங்கள். நான் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் கடனை அடைத்து முடிக்க ஆறு வருடம் ஆயிற்று, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எந்தப் பாதையானாலும், அதற்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வியாசர்பாடி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆட்டம் நடக்கிறது! ஒரு பையன் கணுக்கால் பிசகி விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் ஸ்ப்ரே அடிப்பார், ஒருவர் காலைப் பிடித்து இழுத்துச் சுளுக்கு எடுப்பார், மறுநாள் புத்தூர் கட்டு. எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பிலேயே விலகிவிடும். அங்கே போய் நில்லுங்கள். 1992-இல் கனடாவில் வகுத்த ஒட்டாவா விதியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதைக் கையால் செய்யுங்கள். வெளிக் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலேவரை அழுத்துங்கள், உள் கணுக்காலையும் அப்படியே. பாதத்தின் வெளிப்பக்கம் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் முண்டையும், உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் தொட்டுப் பாருங்கள். நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். எலும்பில் வலியென்றாலோ, நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஜவ்வுதான். அந்தப் பையனுடைய அம்மாவுக்கு ஓர் எக்ஸ்ரே செலவு மிச்சம். ஆறு மாதம் இதைச் செய்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கு அதைவிடப் பெரிய சரக்கு வேறு கிடையாது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

கடைசியாக ஓர் அவசர வேலை. இன்டர்ன்ஷிப் முடிந்து கல்லூரியை விட்டு வருவதற்குள், நான்கு வருடப் பாடத்திட்டத்தின் முழு நகலையும் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேரம் என்ற விவரத்தோடு முத்திரை போட்டு மூன்று செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் அதற்காக நான் அலைந்தது எட்டு தடவை. அது கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.